ஆமாங்க என்று எழுதாத டிக்கட்டுகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு வைத்தியன் தனக்கு மேலே இருக்கும் நிபுணரின் முகத்தைப் பார்த்து “இல்லை” என்று சொன்னால், அடுத்த கிழமையே அவனை வெயிலும் நுளம்பும் ஆளைத் தின்னும் மன்னார்ப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ தூக்கி அடித்துவிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல. ஐம்பதைத் தொட்ட பிறகும். நிபுணருக்கு என்னை மாற்றும் அதிகாரம் கிடையாது, அதெல்லாம் கொழும்பில் முடிவாகிற காரியம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த எதுவும் என் வயிற்றுக்குத் தெரிவதில்லை. அது தனி ஆள். அதற்குத் தனி நம்பிக்கைகள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்றால், நான் ஒரு நுளம்பு வலை வாங்கினேன். ஹட்டன் பனியில் நுளம்பு வந்தால் வழி தெரியாமல் தேயிலைச் செடியில் மோதிச் செத்துப்போகும். அந்த ஊரில் இருந்துகொண்டு வாங்கினேன். எப்படி வாங்க நேர்ந்தது என்பதுதான் கதை.

எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மூன்று பக்கமும் தேயிலை, நாலாவது பக்கம் பஸ் தரிப்பிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஒரு வருடம் இப்படிப்பட்ட இடங்களில் உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி திருப்தி என்று நிபுணர் கையெழுத்து வைத்தால்தான் முழு வைத்தியராகப் பதிவு கிடைக்கும். வைக்காவிட்டால் பயிற்சி நீளும். கூட வந்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போக, பயிற்சி நீண்டவர் மட்டும் அதே குளிரில், அதே வார்டில், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

எங்கள் நிபுணர் என்னைவிட வயதில் இளையவர். கண்டியில் படித்து, வெளிநாட்டிலும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். கண்டிப்பான மனிதர், ஆனால் வஞ்சகம் கிடையாது. எந்த மழையிலும் அவருடைய சப்பாத்து பளபளக்கும். என்னுடைய சப்பாத்தைப் பார்த்தால் நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே வார்டுக்கு வந்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அவரும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் பேசிக்கொள்வோம். அதை இங்கே தமிழில் தருகிறேன்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். பயிற்சி வைத்தியர்களை இனிமேல் வாய்க்கு வந்தபடி நல்லவர், சோம்பேறி என்று சொல்லக்கூடாதாம். அவர்கள் எழுதிய டிக்கட்டுகளை எடுத்து வாசித்துப் புள்ளி போட வேண்டுமாம். டிக்கட் என்றால் பஸ் டிக்கட் அல்ல. ஒவ்வொரு நோயாளியின் கட்டிலோடும் இருக்கும் கோப்பு அது. வந்த காரணம், கேட்ட கேள்வி, பார்த்த சோதனை, கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருக்கும். நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் பக்கத்தில் ‘டிக்கட் வெட்டுறது’ என்பார்கள். வெட்டிய டிக்கட் பதிவறைக்குப் போய்த் தூசி தின்னும். அதை எடுத்து, தாளில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். எழுதியிருந்தால் ஒன்று. எழுதாவிட்டால் பூச்சியம். “எழுதவில்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்” என்றார்.

நல்ல யோசனைதான். முன்பெல்லாம் நிபுணருக்கு யாருடைய சிரிப்பு பிடிக்குமோ அவர் தேறுவார். இது அதைவிட எவ்வளவோ நியாயம். “நீங்களும் நானும் தனித்தனியாகப் புள்ளி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம். சம்மதமா, அல்லது…” என்று அவர் ஆரம்பித்தார். அந்த ‘அல்லது’ முடிவதற்குள் நான் “ஆமா சேர்” என்று சொல்லிவிட்டேன். எனக்கு இரண்டு மூன்று யோசனைகள் இருந்தன. ஆமாவுக்குப் பிறகு அவற்றை எங்கே வைப்பது?

இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இது எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. மற்றவர்களுக்குக் காணி வந்தது, எங்களுக்கு இது வந்தது. நான் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன். விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போனால், அங்கே மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். நேத்து அந்த மலையில கொழுந்து மிச்சமா? ஆமாங்க. மிச்சம் இல்லையா? ஆமாங்க. கண்டாக்கு கேள்வி கேட்பது பதில் தெரிந்துகொள்ள அல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்தச் சொல், காற்சட்டை போட்டவர், கண்ணாடி போட்டவர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் யார் முன்னே போய் நின்றாலும் தானாக வாயில் வந்துவிடும். நான் படித்து, கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெத் போட்ட பிறகும் எனக்கும் வருகிறது. மேலே ஒரு ஆளைப் பார்த்தால் போதும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெளியே மழை பெய்கிறதா, மேகம் தரையில் படுத்திருக்கிறதா என்று சொல்ல முடியாத எங்கள் ஊர்ப் பின்னேரம். வைத்தியர் அறையில் ஒரு கட்டு டிக்கட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணியுமாக உட்கார்ந்தேன்.

முதலில் கொழும்பிலிருந்து வந்த தம்பியின் டிக்கட்டுகள். பார்க்கவே கண் குளிர்ந்தது. கலியாணப் பத்திரிகை எழுதக் கொடுக்கலாம், அப்படி ஒரு கையெழுத்து. ஒரு கட்டம் வெறுமையில்லை. நெஞ்சு வலி உண்டா, உண்டு. தலைச்சுற்று உண்டா, உண்டு. கை கால் விறைப்பு, உண்டு. மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இல்லை. ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டே போனேன். பேனாவுக்கே குஷி. விரலில் முள் ஏறிச் சீழ் பிடித்து வந்த ஒரு கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு இதயத் துடிப்புப் படம் எடுத்திருந்ததைப் பார்த்தபோது மட்டும் ஒரு நிமிடம் நின்றேன். ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. மேலே போனேன்.

அடுத்தது, தெற்குக் கடற்கரையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. வந்த புதிதில் அவளுக்குத் தமிழில் ஒன்றிரண்டு சொற்கள்தான் தெரியும். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நோயாளிகளிடமே பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டாள். ஆகவே அவள் பேசுவது பச்சை லயத்துத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ எங்கள் தோட்டத்து ஆள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அவளுடைய டிக்கட்டைத் திறந்தால் கோழி கிளறிய முற்றம். கட்டங்கள் பாதி வெறுமை. சில இடத்தில் கேள்விக்குறி. சிலது வெட்டி, பக்கத்தில் வேறு மையில் திருத்தம். பூச்சியம் போட்டேன். அடுத்ததற்கும் பூச்சியம். கொஞ்ச நேரத்தில் தாள் முழுக்க ஒரு கூடை முட்டை. கூட்டிப் பார்க்கத் தேவையில்லை, பிள்ளை தேறாது. நிபுணர் அவளுடைய பயிற்சியை நீட்டுவார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடேயே பூச்சியம் போட்டுக்கொண்டிருந்தேன். கண்டாக்கும் அப்படித்தான், வருத்தத்தோடுதான் பேர் வெட்டி அன்றைய கூலியை இல்லாமல் ஆக்குவார் என்று கேள்வி.

பிறகு ஒரு டிக்கட். காய்ச்சலோடு வந்த நடுத்தர வயது அம்மா ஒருவருடையது. மருந்து ஒத்துக்கொள்ளாமை என்ற கட்டம் வெறுமை. பேனாவைக் கொண்டுபோய்விட்டேன். அந்தக் கட்டத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: எல்லாவற்றுக்கும் ஆமாங்க சொல்கிறார். இப்போது எனக்குத் தெரியாது. தேத்தண்ணி குடித்த பிறகு திரும்பக் கேட்க வேண்டும்.

பக்கத்தைப் புரட்டினேன். தேத்தண்ணிக்குப் பிறகு அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் “மருந்து ஒத்துக்கொள்ளுமா” என்று கேட்கவில்லை. போன தடவை காய்ச்சல் வந்தபோது என்ன செய்தீங்க என்று கதை கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவும் கதையாகச் சொல்லியிருக்கிறார். உடப்புசல்லாவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம், காய்ச்சல் வந்ததாம், ஒரு குளிசை விழுங்கினாராம், கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி மூச்சு முட்டி, மருமகன் லொறி பிடித்துக் கொண்டு ஓடினாராம். அந்தக் குளிசை வகையைச் சேர்ந்த ஊசியைத்தான் எங்கள் வார்டில் அவருக்குப் போடுவதாக இருந்தது. பிள்ளை அதை வெட்டிவிட்டு வேறு மருந்து எழுதியிருந்தாள். அதுதான் அந்த அசிங்கமான திருத்தம். அதுதான் நான் பூச்சியம் போடப் பார்த்த கட்டம்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. கொழும்புத் தம்பியின் டிக்கட்டுகளைத் திரும்பவும் எடுத்தேன். மருந்து ஒத்துக்கொள்ளாமை இல்லை, இல்லை, இல்லை. எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குக் காதில் கேட்டது. “மருந்தெல்லாம் ஒத்துக்கும்தானே?” “ஆமாங்க.” நெஞ்சு வலியும் அப்படித்தான், விறைப்பும் அப்படித்தான். அந்தத் தம்பி பொய் எழுதவில்லை. கேட்டார், பதில் வந்தது, எழுதினார். பதில்தான் நோயாளியுடையது அல்ல. அது பெரட்டில் சொன்ன பதில். லயத்தில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன்.

நிபுணரோடு உட்கார்ந்து தாளில் கையெழுத்து வைக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முன் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று வார்டுக்குப் போனேன். அவள் ஜன்னல் ஓரத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“என்னா புள்ள, ஒன்னோட டிக்கட்டெல்லாம் பழைய லயத்துக் கூரை மாதிரி ஒரே பொத்தலா இருக்கு.”

“பொத்தல் இருக்கிற எடத்துல பொத்தல்னுதாங்க சேர் எழுதுனேன்” என்றாள்.

புள்ளி விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் எதுதான் தெரியாது. கொழும்புத் தம்பியே வந்து, பதிவறைக்குப் போய் வெறும் கட்டங்களை நிரப்பிவிடலாம், நானும் கூட இருந்து உதவுகிறேன் என்று சொன்னாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். இவள் முடியாது என்றிருக்கிறாள்.

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதச் சொல்றாரு. அத வாசிச்சி இன்னொருத்தர் ஊசி போட்டா? நான் மாட்டேங்க சேர். நீட்டுனா நீட்டட்டும்.”

அப்படிச் சொன்னாளே தவிர, பிஸ்கட் பாதியில் நின்றுவிட்டது. அவளுடைய அம்மா, மகள் முழு டொக்டராக வீட்டுக்கு வருகிற மாதத்தைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டதாம். இப்போது பயிற்சி நீண்டால், ஒரு மருந்துத் தவறும் செய்யாத பிள்ளை, என்ன தவறு செய்தாய் என்று கேட்கிற ஒரு தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் ஏதோ ஒரு பகிடி சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். என்ன பகிடி என்று ஞாபகம் இல்லை. அவள் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது, அந்தத் தாளில் கையெழுத்து வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பஸ் தரிப்பிடத்துக்கு வரும்போது மார்பு நிமிர்ந்திருந்தது. பஸ் பஜாரில் நின்றபோது வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. மன்னார் என்றது. வெயில் என்றது. இரவில் காதுக்குள் ஙொய் என்ற சத்தம் என்றது. நான் நேராக நானாவின் கடைக்குள் நுழைந்தேன். பஜாரில் கம்பளித் தொப்பி, மழைக் கோட்டு, சுடுதண்ணிப் பை எல்லாம் விற்கும் முஸ்லிம் கடை அது. நானா எனக்கு நீண்ட காலப் பழக்கம்.

“நானா, நுளம்பு வலை இருக்கா?”

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “நுளம்பு வலையா? டொக்டர், இந்தக் குளிருக்கு இங்க நுளம்பு வந்தா, அதுக்கே ஒரு கம்பளி குடுத்து அனுப்போணும்.”

“மாத்தல் வந்தாலும் வரும் நானா.”

“எங்க?”

“இன்னும் வரல்ல.”

“வராத மாத்தலுக்கா வலை?” என்றவர், மேலே ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். வியாபாரி என்றால் வியாபாரி. வெகுநேரம் எதையெதையோ உருட்டிவிட்டு, தூசி தட்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தோடு வந்தார். கினிகத்தேனைப் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லி வைத்துவிட்டு எடுக்க வராமல் விட்டதாம். இரட்டைக் கட்டில் அளவு. ஒற்றை இல்லையா என்றேன். “பயம் பெருசா இருக்கு டொக்டர், பெருசே எடுங்க” என்றார்.

வீட்டில் மனைவி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, முழுக் கதையையும் கேட்காமல் புள்ளி போட மாட்டாள். கேட்டாள். கேட்டுவிட்டு, “ஒரு தாள்ல கையெழுத்து வைக்க மாட்டேன்னு சொல்றதுக்கு இவ்வளவு சாமானா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். “இல்லை சேர்.” கண்ணாடியில் இருந்தவன் என்னைவிடப் பயந்தவனாகத் தெரிந்தான். சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் அந்தச் சொல் தொண்டை வரை வந்து, அங்கே யாரோ கதவைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வெளியிலிருந்து மனைவி, “தண்ணி சூடாயிருச்சா?” என்று கேட்டாள். “ஆமாங்க” என்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளோடு நான் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

திங்கட்கிழமை நிபுணரின் அறை. அவருடைய தாளும் என் தாளும் மேசை மேல். அவரும் தெற்குப் பிள்ளைக்குப் பூச்சிய மழையே பொழிந்திருந்தார். நான் கையெழுத்து வைப்பதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தேன். இங்கே ஒரு ஆமாங்க இருக்கிறது சேர், அதை எழுதினால் ஒன்று, எழுதாவிட்டால் பூச்சியம் என்று தாள் சொல்கிறது. நல்ல வைத்தியர் அதை எழுதக்கூடாது. காய்ச்சல்கார அம்மாவின் டிக்கட்டைக் காட்டினேன். பெரட்டைப் பற்றிச் சொன்னேன். நிபுணர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்படியா? வாருங்கள், பார்த்துவிடுவோம்” என்று எழுந்தார்.

இது நான் எதிர்பாராத யோகம். ஆண்கள் வார்டில் எந்தக் கட்டிலில் கை வைத்தாலும் ஆமாங்க வரும், கண்ணால் காட்டிவிடலாம். நான் துள்ளாத குறையாக அவர் பின்னால் போனேன். முதல் கட்டிலில், மலைச்சரிவில் சறுக்கிக் காலில் அடிபட்டு வந்த கவ்வாத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. கேட்கவே வேண்டாம், ஆமாங்கவிலேயே பிறந்து வளர்ந்த ஆள் என்று முகத்தில் எழுதியிருந்தது.

நிபுணருக்குத் தமிழில் சில கேள்விகள் தெரியும். “நெஞ்சு நோவு இருக்கா?” என்றார்.

“இல்லைங்க” என்றார் மீசைக்காரர்.

நிபுணர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலைச்சுற்று இருக்கா? இல்லைங்க. மூச்சு முட்டுதா? இல்லைங்க. கேட்கக் கேட்க, என் வாழ்நாளில் அவ்வளவு இல்லைங்க நான் எந்தத் தோட்டத்து ஆளின் வாயிலிருந்தும் கேட்டதில்லை. எனக்குள் வயிறு பெட்டி அடுக்க ஆரம்பித்தது. நான் தாங்க முடியாமல் முன்னே போய், “என்னா நீங்க, பெரிய டொக்டர் கேக்கிறாரு, எல்லாத்துக்கும் இல்லைங்கிறீங்க?” என்று கேட்டேன். அதாவது, அந்த இடத்தில் கண்டாக்கு நான்தான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் புள்ள, டொக்டரம்மாதாங்க சொன்னாங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, இங்க யாரும் பேர் வெட்ட மாட்டாங்கன்னு. இவரு கேட்டா மட்டும் ஆமாங்கன்னு சொல்லணுமாங்க?”

நான் அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் விடவில்லை. நிபுணர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அது கொழும்புத் தம்பியின் நோயாளி, வயிற்று வலிக்கு வந்த நடுவயது ஆள். நெஞ்சு நோவு இருக்கா? ஆமாங்க. நிபுணர் கொஞ்சம் நின்று, நெஞ்சு நோவு இல்லையா என்று கேட்டார். ஆமாங்க. அந்த மனிதர் எழுந்து நிற்கவும் பார்த்தார். படுங்க, படுங்க என்று நிபுணரே தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அறைக்குத் திரும்பியதும் அவர் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் சொன்னதில் உண்மை இருக்கிறது, அடுத்த முறை அதையும் கவனிப்போம், ஆனால் இந்த முறைக்குத் தாள் தாள்தான், ஒரு ஆளுக்காக நடுவில் விதியை மாற்றினால் மற்றவர்களுக்கு அது அநியாயம் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் ஆபத்து. நியாயமில்லாத ஆளிடம் இல்லை என்பது லேசு. “கையெழுத்து வைக்கிறீர்கள்தானே?” என்று கேட்டார்.

எங்கள் சொல் எப்போதும்போல முந்திக்கொண்டு வந்தது. ஆ வரை வெளியே வந்துவிட்டது. நான் அதை இருமலாக மாற்றினேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி, எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். அவர்களைப் பார்த்து வீரம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. மீசைக்காரர் என்னைப் பார்த்த பார்வைதான் ஞாபகம் வந்தது. கால் வீங்கிக் கட்டிலில் கிடக்கிற ஆளுக்கு முடிந்தது, இரட்டைக் கட்டில் அளவு வலை வாங்கி வைத்திருக்கிற எனக்கு முடியாதா என்று ரோசம் வந்தது.

“இல்லை சேர். வைக்க மாட்டேன்.”

“திரும்பச் சொல்லுங்கள்” என்றார்.

நான் சொன்னது காதில் விழவில்லை என்றுதான் அவர் அப்படிச் சொன்னாராம், பிறகு தெரிந்துகொண்டேன். என் குரல் அவ்வளவு கம்பீரம். அப்போது நான் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட வேகத்தில் மேலும் பேசிவிட்டேன். தெரியாது என்று எழுதத் துணிந்த பிள்ளைக்குப் பூச்சியம், தெரிந்தது மாதிரி எழுதிய பிள்ளைக்கு ஒன்று என்றால், அந்தப் புள்ளி எங்கள் ஆட்களின் வாயிலிருந்து வந்த ஆமாங்கவுக்குப் போடுகிற புள்ளி. அதைத் தோட்டத்தில் தொரைமார் காலம் காலமாகப் போட்டுவிட்டார்கள், நாமும் போட வேண்டியதில்லை. நீங்கள் தனியாகக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள், இரண்டாவது கையெழுத்து ஏன் இல்லை என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு, என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாத இரண்டு பொருட்கள் மாதிரி இருந்தன. நான் அவற்றைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்த பயணப் பெட்டியைக் கீழே இறக்கினேன். மனைவி அதைத் திரும்ப மேலே ஏற்றினாள்.

நடந்தது இதுதான். அடுத்த நாள் நிபுணர் அந்தத் தாளை அனுப்பவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்த புதிய தாள் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வெறுமையாக விட்ட இடத்தில் காரணமும், திரும்பக் கேட்டதும் எழுதியிருந்தால் அதற்கும் ஒன்று. எல்லாப் பிள்ளைகளுடைய டிக்கட்டுகளையும் முதலிலிருந்து மறுபடியும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கொழும்புத் தம்பியும் தேறினார். இப்போது அவரும் நோயாளிகளிடம் கதை கேட்கிறார், அவருடைய டிக்கட்டிலும் அங்கங்கே பொத்தல் தெரிகிறது. தெற்குப் பிள்ளைக்கு, கையெழுத்துத் தெளிவு என்ற கட்டத்தில் நான் பூச்சியம்தான் போட்டேன், அதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. மற்றவற்றில் தேறினாள். தாளில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. மாற்றல் கடிதம் வரவில்லை. நுளம்பு வலையை மனைவி வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தி மேல் கட்டியிருக்கிறாள். பயிற்சி முடிகிற நாளில், கூட வந்தவர்களோடு சேர்ந்து, தெற்குப் பிள்ளையும் பஸ் ஏறிப் போனாள்.